பாராக் கூண்டு

செங்கல்பட்டில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் தலையைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அந்தக் குன்றுதான். அதன் உச்சியில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்ற கோபுரத்தை ஊரார் பாராக் கூண்டு என்றார்கள். யுத்த காலத்தில் கட்டியது அது. ஜப்பான்காரன் கடலுக்கு மேலே ஏரோப்பிளேனில் வருவான், வந்தால் முதலில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ராணுவத்தார் அவசர அவசரமாக எழுப்பினார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிவரை கல்லையும் தண்ணீரையும் தலையில் சுமந்து ஏற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். செங்கம்மாளும் அதில் ஒருத்தி.

அப்போது அவள் புதுப்பெண். புதுப்பட்டினத்துச் சவுக்குத் தோப்பு ஓரத்திலிருந்து கல்யாணமாகி வந்த கையோடு, புருஷன் கருப்பனுடன் அந்த வேலைக்குப் போனாள். வேலை முடிந்து மற்றவர்கள் கலைந்தபோது சிப்பாய்களுக்கு விறகு வெட்டவும் பாத்திரம் கழுவவும் ஆள் தேவைப்பட்டது. கருப்பன் அங்கேயே தங்கினான். அவளும் தங்கினாள். அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டு, அடுத்தவர் நிழலில் குடிசை போட்டு, எப்போது விரட்டுவார்களோ என்று இருந்த குடும்பத்துக்கு அந்த மலை ஒரு விடுதலையாகத்தான் இருந்தது.

ஜப்பான்காரன் வரவில்லை. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் லாரி ஏறிப் போனார்கள். கோபுரத்தின் காலடியில் ஒரு தகரக் கொட்டகையும், மேல்தளத்தில் துருப்பிடித்த ஒரு சுழல் நாற்காலியும் மிஞ்சின. வெயில் காலத்தில் கூரை வீடுகள் பற்றிக்கொள்வது ஊருக்கு வழக்கமாகிவிட்டதால் முனிசிபாலிட்டியார் கூண்டை வாங்கிக்கொண்டார்கள். மேலே ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். புகை கண்டால் காவல்காரன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். விட்டு விட்டு ஒவ்வோர் அடியாக அடித்தால் ரயிலடிப் பக்கம். இரண்டிரண்டாக அடித்தால் கோட்டைப் பக்கம். மும்மூன்றாக அடித்தால் சந்தைப் பக்கம். நாலாவது பக்கம் ஏரி. கீழே தண்ணீர் வண்டிக்காரர்கள் சத்தத்தை எண்ணி மாட்டை விரட்டுவார்கள். கருப்பன் காவல்காரன் ஆனான்.

அந்த மலைமேல்தான் மகள் சந்திரம்மா பிறந்தாள், வளர்ந்தாள், பெரியவளானாள். ரயில்வேயில் கரி அள்ளுகிற ராஜேந்திரன் அவளைக் கட்டிக்கொண்டு கீழே இறக்கிப் போனான். மகள் போன வருஷமே கருப்பனுக்குக் கண்ணில் பூ விழத் தொடங்கியது.

முதலில் தூரத்துப் பனைமரங்கள் கரைந்தன. பிறகு ஊரே பால் கொட்டினதுபோல் ஆயிற்று. ராத்திரியில் நெருப்பு எரிந்தால் வெளிச்சம் தெரியும், திசை சொல்லிவிடுவான். பகலில் புகையும் வெயிலும் அவனுக்கு ஒன்றுதான். பட்டணத்தில் அறுத்துப் பார்க்கலாம் என்று மிஷன் மருத்துவச்சி சாராள் சொன்னாள். அறுத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று அவனுக்குப் பயம். லீவு கேட்டால் எதற்கு என்பார்கள், கண் இல்லாதவனுக்குக் காவல் வேலை ஏது என்பார்கள். ஆகவே பகல் பாராவைச் செங்கம்மாள் எடுத்துக்கொண்டாள். அவன் கட்டளையிடவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. ஒரு நாள் காலையில் கூழைக் கரைத்து அவன் முன்னால் வைத்துவிட்டு ஏணிப்படி ஏறிப் போனாள், அவ்வளவுதான்.

மூன்று கோடை அப்படிப் போயிற்று. விடியும் முன்பே அடிவாரத்துக் கேணியில் இறங்கித் தண்ணீர் எடுத்து வருவாள். போகும்போதே சுள்ளி பொறுக்கிக்கொள்வாள். வெயில் ஏறும்போது மேலே இருக்க வேண்டும். சுட்ட கருவாடும் பழைய கூழும் ஒரு தூக்கில். கைப்பிடிச் சுவர் காய்ந்து கை வைக்க முடியாது. சேலைத் தலைப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மூன்று பக்கமும் மாறி மாறி நடந்துகொண்டிருப்பாள்.

எந்த வீட்டில் எப்போது அடுப்பு மூட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எந்த முற்றத்தில் வடகம் காய்கிறது, எந்த வீட்டுக்காரன் மத்தியானத்தில் பின்வாசல் வழியாக வருகிறான் என்பதும் தெரியும். செருப்புக் காலோடு அவள் நுழைய முடியாத தெருக்களும் அவள் பார்வையில்தான் இருந்தன. ஆனால் அந்தத் தெருக்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. தண்டவாளச் சத்தம் கேட்டால், "கருப்பன் அடிக்கிறான்" என்பார்கள். சந்தைக்கு அவள் சுள்ளிக்கட்டு கொண்டு போனால் அவள் ஒரு விறகுக்காரி. பேச ஆளில்லாமல் அவளுக்குச் சில நாள் குரலே அடைத்துக்கொள்ளும். பகல் முழுக்க மேலே அவள், கீழே கொட்டகையில் அவன் உறக்கம். அவள் இறங்கி உலை வைக்கும்போது அவன் ஏறிவிடுவான். மழை பெய்து விட்ட காலைகளில் கிழக்கே தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். மகாபலிபுரத்துக்குத் தெற்கே அந்தக் கோட்டின் ஓரத்தில் எங்கோ அவள் பிறந்த ஊர் இருந்தது. அங்கே இப்போது அவளுக்கு யாரும் இல்லை. ஆனாலும் பார்ப்பாள்.

மகள் வீடு ரயிலடிப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய கூரை வரிசையில் இருந்தது. சந்திரம்மா முழுகாமல் இருந்து மாசம் ஏறியபின் ஒருநாள் மூச்சு வாங்க மலை ஏறி வந்தாள். தாயின் பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"யம்மா, வலி எட்த்தா இத்தெ வேலி மேல போட்றேன். நீதான் பாத்துகினே கீறியே. உடனே வந்துடு. உன்ன வுட்டா எனக்கு யாரு?"

"சாராளம்மா வருவாங்கடி."

"அவங்க வரட்டும். நீயும் வா."

வருகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் வலி எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அக்கினி நட்சத்திரம் பாதி கழிந்திருந்தது. மேல்காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் அடித்துக்கொண்டிருந்த ஒரு உச்சிப் பொழுதில் ரயிலடிப் பக்கம் வேலிமேல் சிவப்பு தெரிந்தது. அது காற்றில் படபடத்தது. செங்கம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு இறங்கி வந்து கருப்பனை எழுப்பினாள்.

அவன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்து முகம் கழுவினான். சம்மட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான்.

"நீ மேல போயி இன்னாய்யா பண்ணப் போறே?" என்றாள்.

"வாசன தெரியும்மே. காது கேக்குது. இத்தினி வருசம் மேல நின்னவன், ஒரு பொழுது நிக்க மாட்டனா?"

"காத்து பேயா அடிக்கிது. நான் சாராளம்மாவையே பாத்துக்கச் சொல்லி..."

"ஒத்தப் பொண்ணு. கூப்பிட்டுகினு கீறா. போ."

அவள் படியில் இறங்கத் தொடங்கிய பிறகு அவன் பின்னாலிருந்து, பிள்ளை பிறந்ததும் யாரிடமாவது சொல்லியனுப்பு என்றான். அவள் சரி என்று சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

சாராள் முன்பே வந்திருந்தாள். கதவை ஒருக்களித்து, வெந்நீர் போட்டு, ராஜேந்திரனை வேப்பமரத்தடிக்கு அனுப்பியிருந்தாள். சந்திரம்மா தாயின் கையைப் பிடித்தவள் விடவில்லை. தலைப்பிள்ளை சுலபத்தில் வருகிறதாக இல்லை. செங்கம்மாள் முதுகைத் தடவினாள், நெற்றியைத் துடைத்தாள், சாராள் சொன்னதையெல்லாம் செய்தாள். ஆனால் காது மட்டும் மலைமேல் இருந்தது. தண்டவாளம் அடிக்கவில்லை. அடிக்காதவரை நல்லது என்று தேற்றிக்கொண்டாள்.

முதலில் வந்தது வாசனைதான். தென்னங்கீற்றும் வைக்கோலும் சேர்ந்து கருகும் வாசனை. மூன்று கோடையாக மேலே நின்றவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. மகளின் கையை மெல்லப் பிரித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூரைகளும் பனைமரங்களும்தான் தெரிந்தன. ஊர் எந்தப் பக்கம் எப்படிக் கிடக்கிறது என்று தரையிலிருந்து அவளுக்குப் பிடிபடவில்லை. அண்ணாந்து குன்றைப் பார்த்தாள்.

கூண்டின் மேல் கருப்பன் நின்றுகொண்டிருந்தான். ஒரு விரல் உயரம்தான் தெரிந்தான். ரயிலடிப் பக்கமாக, மகள் வீட்டுப் பக்கமாக முகத்தைத் திருப்பி, சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அவளையே பார்ப்பதுபோல நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால், சந்தைப் பக்கத்திலிருந்து, கரும்புகை தூண்போல எழும்பிக்கொண்டிருந்தது.

தெருவில் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னா இவன், அடிக்காம வேடிக்க பாத்துகினு கீறான்?" என்றான் ஒருவன்.

செங்கம்மாள் வாயைத் திறந்தாள். இங்கிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? உள்ளே சந்திரம்மா வீறிட்டாள். அந்த நேரத்தில்தான் தண்டவாளம் ஒலித்தது. ஒரே அடி. சற்று விட்டு மறுபடியும் ஒரே அடி. புகை வாசனை கிடைத்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது மகள் வீடுதான் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மனசு எங்கே இருந்ததோ அந்தப் பக்கத்தை அடித்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வண்டிகள் மாட்டின் வாயில் நுரை தள்ள ரயிலடித் தெருவுக்குள் நுழைந்தன. வாளியும் கொக்கிக் கழியுமாக ஆட்கள் ஓடி வந்தார்கள். செங்கம்மாள் வண்டிக்கு முன்னால் போய் நின்று, இங்கே இல்லை, சந்தைப் பக்கம் போங்கள், அங்கேதான் எரிகிறது என்று கையை ஆட்டினாள். "ஒத்த அடிதானே அடிச்சான்" என்று வண்டிக்காரன் நம்ப மறுத்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக் குன்றின் பக்கம் திருப்பி, பின்னால் எழும் புகையைக் காட்டிய பிறகுதான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டைத் திருப்பினான். குறுகலான தெரு. வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

உள்ளே போனபோது சாராள் பெண் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தையை ஒட்டிய வண்டிக்காரத் தெருவில் ஒரு சாரி வீடுகள் முழுவதும் எரிந்து போயின. மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டார்கள். ஆனால் கன்னியம்மா என்பவளின் மாமியார், கால் விழுந்து படுத்த படுக்கையாக இருந்தவள், உள்ளேயே சிக்கிக்கொண்டாள். கன்னியம்மா வைக்கோல் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாளாம். வண்டிகள் நேராக அங்கே போயிருந்தால் கிழவியை வெளியே இழுத்திருக்கலாம் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள்.

மறுநாளே முனிசிபல் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓவர்சியர் ஜானகிராமன் நல்ல மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். வெளியே வண்டிக்காரத் தெரு ஆட்கள் நின்றார்கள். கன்னியம்மா தூணில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. கையில் தீக்காயத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணியும் எண்ணெயும் கலந்து பூசியிருந்தாள்.

என்னப்பா ஆச்சு என்று ஓவர்சியர் கேட்டார். கருப்பன் கைகட்டி நின்றான்.

"தூங்கிட்டேன் சார்" என்றான்.

"தூங்கிட்டியா?"

"ஆமா சார். வெயில்ல கண்ண அசத்திடுச்சி. சத்தம் கேட்டு எழுந்தவன், தடுமாறி மாத்தி அடிச்சுட்டேன். என் தப்புதான்."

செங்கம்மாள் அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பாரா நேரத்தில் அவன் கண்ணயர்ந்ததே கிடையாது. கண் போன பிறகும் ராத்திரி முழுவதும் அந்த உச்சியில் முழித்திருந்தவன். அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பதும் அவளுக்குப் புரிந்தது. தூங்கினேன் என்றால் குற்றம் அவன் ஒருவனோடு போகும். ஆனால் தூணருகே கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒருத்தன் தூங்கினதால் என் மாமியார் செத்தாள் என்று அவள் காலமெல்லாம் நினைத்துக்கொள்வாள். அதைச் செங்கம்மாளால் தாங்க முடியவில்லை.

"தூங்கல சார்" என்றாள். "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியாது. மூணு வருசமா பகல்ல நாந்தான் பாத்துகினு இருந்தேன். நேத்து என் பொண்ணுக்கு வலி எட்த்துது. நான் எறங்கிப் பூட்டேன்."

 ஓவர்சியர் கருப்பனின் முகத்துக்கு எதிரே கையை அசைத்துப் பார்த்தார். அவன் கண் அசையவில்லை. போன கோடையில் கீற்றுக் கிடங்கு பற்றினபோது ஊரைக் காப்பாற்றிய சத்தம் யார் அடித்தது என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்துவிட்டு, வேலை போகும், அதற்கு மேல் ஒன்றும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவளுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாமே என்று யாரோ குமாஸ்தா சொன்னார். பெண்பிள்ளைக்குக் கொடுக்க வழியில்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கருப்பன் அன்று அவள் தோளைத் தொடாமல், சுவரைத் தடவிக்கொண்டே வெளியே நடந்தான்.

அதோடு அவன் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான். கூண்டைப் பூட்டிவிட்டார்கள். இருந்த சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுப் பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கிக் குடிவந்தார்கள். ஊர் வாயில் இப்போது அவன் பெயர் குருட்டுக் காவல்காரன். தூங்குமூஞ்சி என்ற பெயரை அவன் சுமந்திருப்பான். கண் இல்லாதவன், பெண்டாட்டி கண்ணால் பிழைத்தவன் என்ற பெயரை அவனால் சுமக்க முடியவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான். மகளோடு பேசினான், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு விரல்களால் அவள் முகத்தைப் படித்தான். செங்கம்மாள் பக்கத்தில் வந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

கீழே வந்தால் மனுசர் முகம் பார்க்கலாம் என்று மலைமேல் இருந்தபோது அவள் ஏங்கியதுண்டு. இப்போது நாலு பக்கமும் மனுசர்கள் இருந்தார்கள். கேணியடிக்குப் போனால் பேச்சு நின்றது. அவள் குடம் நிரம்பி நகர்ந்த பிறகு மறுபடி தொடங்கியது. யாரும் வையவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வைதிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருக்கலாம். சந்திரம்மாவும் தன்னால்தான் இத்தனையும் என்று உள்ளுக்குள் குமைந்து, தாயின் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தாள். ஊரில் அத்தனை வீட்டையும் மேலிருந்து அறிந்தவள், சந்துகளில் வழி தெரியாமல் இரண்டு தரம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து நின்றாள். கேட்க வாய் வரவில்லை.

மழைக்கு முன்னால் வண்டிக்காரத் தெருவில் வீடு கட்டத் தொடங்கினார்கள். ஆளாளுக்கு மாற்றி மாற்றி ஒத்தாசை செய்து, ஒவ்வொரு வீடாக மண் சுவர் எழும்பியது. கன்னியம்மா வீடு கடைசி. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலமாகியிருந்தது. கேட்டு வாங்கிச் செய்ய ஆளில்லை. ஒருநாள் காலையில் செங்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து வந்து கொட்டிய மண்ணைக் கூடையில் அள்ளிச் சுமந்து சுவரடியில் போட்டாள். பக்கத்தில் வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மா அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வேலையைச் செய்தாள். உச்சிப்பொழுதில் எல்லாரும் நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். செங்கம்மாள் தள்ளி நின்று, கொண்டுபோன தூக்கைத் திறந்தாள். பிறகு வேலை. பொழுது சாய்ந்ததும் வீடு. மறுநாளும் போனாள். அடுத்த நாளும் போனாள்.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். கூழ் குடிக்கிற நேரத்தில் கன்னியம்மா அவளிடம் வந்து நின்றாள். கையில் ஒரு பச்சைமிளகாயும் வெங்காயமும் இருந்தன. தீக்காயம் ஆறி அந்தக் கையில் தோல் பளபளத்தது.

"உன்னப் பாத்தா எனக்கு அன்னிக்கி நாள்தான் நெனப்பு வருது" என்றாள்.

"வர வேணாம்னா நின்னுக்கிறேன்" என்றாள் செங்கம்மாள்.

கன்னியம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அந்தக் கெழவி ஆறு மாசமா என்ன எங்கியும் போவாதடின்னு சொல்லிகினே இருந்துச்சி. அன்னிக்கி ஒரு பொழுதுதான் போனேன்" என்றாள். வெங்காயத்தையும் மிளகாயையும் செங்கம்மாளின் தூக்கு மூடியில் வைத்தாள். "செவுரு இன்னும் பாதி கீது. நாளைக்கி வா."

அன்று செங்கம்மாள் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள். கருப்பன் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்கமாட்டான் என்று தெரிந்தும், பழக்கத்தில், வண்டிக்காரத் தெருவில் சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது, கன்னியம்மா என்ன சொன்னாள் என்பதையெல்லாம் அடுப்பைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். மண் குழைக்கத்தான் ஆள் பற்றவில்லை, இருக்கிற ஒருவனும் வண்டிக்குப் போய்விட்டான் என்றாள். பிறகு சோற்றை வடித்தாள்.

அவன் சாப்பிட்டுக் கையைக் கழுவினான். வெகுநேரம் கழித்து, இருமிக்கொண்டே பேசினான். அத்தனை மாசத்துக்குப் பிறகு அவன் குரல் அவளுக்குப் புதிதாகக் கேட்டது.

"நாளைக்கி நானும் வர்றேன்."

அவள் நம்பாமல் திரும்பினாள்.

"மண்ணு மிதிக்க கண்ணு இன்னாத்துக்கு?" என்றான்.

காலையில் அவன் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தான். தெருக்காரர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை. கன்னியம்மா வீட்டு மனையில் குழி வெட்டி மண்ணைக் கொட்டித் தண்ணீரில் ஊற வைத்திருந்தார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கருப்பன் உள்ளே இறங்கினான். முதலில் தள்ளாடினான். பிறகு கழி ஒன்றை ஊன்றிக்கொண்டு, ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி மிதிக்கலானான். கால் புதைந்து எழும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

கன்னியம்மா எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. அவள் போய் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் தூக்கி வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

"எந்தப் பக்கம் ஊத்தட்டும்?" என்று கேட்டாள்.

கருப்பன் மிதிப்பதை நிறுத்தினான். காலால் நிதானமாகத் துழாவினான்.

"இங்க காஞ்சிகீது தாயி" என்றான். "எங்கால் கிட்டவே ஊத்து."